சக்கரத் தடத்தில் முளைப்பவை

1999 டிசம்பர் 26 அன்று லோதர் என்ற புயல் பிரான்ஸைக் கடந்து ஜெர்மனியின் கருங்காட்டுக்குள் புகுந்தது. வீசியது சில மணி நேரம்தான். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் சுமார் 3 கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. சாய்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களை அப்படியே விட்டால் பட்டை வண்டு பெருகி, நிற்கும் மரங்களையும் தின்றுவிடும். அதனால் மண் ஈரம் காயும்வரை பலராலும் காத்திருக்க முடியவில்லை. வெட்டும் இயந்திரங்களும், கட்டைகளை ஏற்றிச் செல்லும் கனரக வண்டிகளும் காட்டுக்குள் இறங்கின. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்திலும் இதே கதைதான்.

சாய்ந்த மரங்களை உலகமே படம் பிடித்தது. மண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அறியக் குழி தோண்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

நல்ல காட்டு மேல்மண்ணில் பாதிக்கும் மேல் வெற்றிடம். மண்புழு போன வழி, செத்து மக்கிய வேர் விட்டுச்சென்ற குழாய், துகள்கள் திரண்டு நிற்பதால் விழும் இடைவெளி என எல்லாம் சேர்ந்தது அது. சுமையேற்றிய வண்டி ஒன்றின் எடை 30 டன்னை எட்டும். அது மேலே ஏறும்போது மண் துகள் எதுவும் நசுங்குவதில்லை. துகள்கள் நகர்ந்து நெருங்கிக்கொள்ள, பெரிய துளைகள் முதலில் மூடிக்கொள்கின்றன. மழைநீர் இறங்குவதும், காற்று உள்ளே போய் வருவதும் அந்தப் பெரிய துளைகள் வழியாகத்தான். காய்ந்த மண் ஓரளவு தாங்கும். ஈரக் களிமண் வழுக்கிக்கொண்டு அமுங்கிவிடும். கேட்டின் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை ஓட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறுகிய மண்ணில் வேரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மண்ணின் எதிர்ப்பு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான மரங்களின் வேர்நுனி முன்னேறத் திணறும். துளைத்துக்கொண்டு போனாலும் அங்கே மூச்சுவிட ஆக்ஸிஜன் இல்லை. தடத்தில் தேங்கிய மழைநீர் வாரக்கணக்கில் வற்றாது. தோண்டிப் பார்த்தால் மண் சாம்பல் நிறமாகி, இடையிடையே துருப் புள்ளிகள் தெரியும். காற்று இல்லாமல் இரும்பின் வேதிநிலை மாறியதற்கு அதுவே அடையாளம்.

சுவிட்சர்லாந்தின் காடு, பனி, நிலத்தோற்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஹார்ட்மன், பியட் ஃப்ரை உள்ளிட்டோர் இப்படி இறுகிய காட்டு மண்ணின் நுண்ணுயிர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியிட்ட முடிவுகள் என்னை மிகவும் கலங்கவைத்தன. ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. வேரோடு சேர்ந்து வாழ்ந்து மரத்துக்கு நீரும் சத்தும் ஊட்டும் பூஞ்சைகள் குறைந்து, மக்கலில் வாழும் பூஞ்சைகளும் ஒட்டுண்ணிப் பூஞ்சைகளும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. பாக்டீரியாவைவிடப் பூஞ்சைதான் அதிகம் அடிபடுகிறது, மீள்வதும் மெதுவாகத்தான். பீச், ஸ்ப்ரூஸ், ஓக் மூன்றுமே அந்தப் பூஞ்சைத் துணையை நம்பி வாழும் மரங்கள். தடத்தில் விழும் பீச் விதை முளைக்கலாம். அதைத் தாங்க வேண்டிய உறவு கீழே அறுந்து கிடக்கிறது.

இந்த மண்ணுக்கு முதலில் வருவது மரமல்ல. ஜங்க்கஸ் என்ற, பார்வைக்குக் கோரையைப் போன்ற ஒரு செடி. இலை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாமல் பச்சைத் தண்டுகள் கொத்தாக நிற்கும். வரும் என்று சொன்னேன். பெரும்பாலும் அது வெளியிலிருந்து வருவதே இல்லை. அதன் தூசி போன்ற விதைகள் பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு உறங்கும். மேலே மரநிழலும் சருகும் இருக்கும்வரை அவற்றுக்கு வேளை வராது. சக்கரம் சருகை விலக்கி, வெளிச்சத்தை உள்ளே விட்டு, ஈரத்தையும் தேக்கிக் கொடுத்ததும் ஒன்றாக எழுந்துவிடும். அதன் வேரிலும் தண்டிலும் காற்றுக் குழாய்கள் உண்டு. சேற்று வயலில் நெல்லின் வேர் மூச்சுவிடுவதும் இதே ஏற்பாட்டால்தான். ஜங்க்கஸின் தண்டுகளிலிருந்து காற்று வேருக்கு இறங்க, வேரைச் சுற்றியுள்ள மண்ணுக்கும் கொஞ்சம் ஆக்ஸிஜன் கசிகிறது. அனுபவமுள்ள வனக்காரர் மண்ணைத் தோண்டாமலே, ஜங்க்கஸ் வரிசையாக நிற்கும் இடத்தைப் பார்த்து அடியில் மண் இறுகிக் கிடப்பதைச் சொல்லிவிடுவார்.

ஜங்க்கஸோடு ஈரம் விரும்பும் கோரை வகைகளும், ஓரங்களில் முள் நிறைந்த பிளாக்பெர்ரிப் புதரும், காற்றில் பறந்து வந்த வில்லோ, பிர்ச் விதைகளின் நாற்றுகளும் சேர்ந்துகொள்ளும். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்டுத் தடங்களை ஆராய்ந்தவர்கள் வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றோடு வரும் விதைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு காட்டின் சேறு இன்னொரு காட்டில் உதிரும்போது விதையும் கூடவே உதிர்கிறது. இரண்டு மூன்று கோடைகளில் தடம் பச்சையாகிவிடும். செடி வகைகளை எண்ணினால் பக்கத்துக் காட்டைவிடத் தடத்தில் அதிகம் இருப்பதும் உண்டு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கூடுதல் எண்ணிக்கை வயலோரத்துக்கும் பாதையோரத்துக்கும் உரிய செடிகளால் வந்தது. பழைய காட்டுக்கே உரிய வூட் அனிமோன் போன்ற சிறு செடிகளின் நடை வேறு. வூட் அனிமோன் கிழங்குத் தண்டால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும். விதையை எறும்பு இழுத்துப் போனால் இன்னும் கொஞ்சம் தூரம். நான்கு மீட்டர் அகலத் தடம் அதற்குப் பெருவெளி. பச்சையாகிவிட்டது, ஆகவே காடு மீண்டுவிட்டது என்று எழுதும் அறிக்கைகள் மேல் பத்து சென்டிமீட்டரோடு நின்றுவிடுகின்றன. அடிமண்ணின் இறுக்கம் முப்பது, நாற்பது ஆண்டு கழித்தும் அளவீட்டில் தெரிகிறது.

அந்த அடிமண்ணுக்குள் இறங்கத் துணியும் மரம் ஒன்று உண்டு: கருப்பு ஆல்டர். ஆற்றோரச் சதுப்பில் வளரும் மரம். பட்டையில் உள்ள சிறு துளைகள் வழியே காற்றை இழுத்து வேருக்கு அனுப்பும். வேர்முடிச்சுகளில் ஃப்ராங்கியா என்ற பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்திக் கொடுக்கும். ஆக்ஸிஜன், உணவு இரண்டும் கைவசம் இருப்பதால் மற்ற மரங்கள் பின்வாங்கும் மண்ணில் அதன் வேர் இறங்குகிறது. ஒவ்வொரு வேரும் செத்து மக்கும்போது ஒரு குழாய் மிஞ்சும். அதன் வழியே நீரும் காற்றும் அடுத்த வேரும் போகலாம். சுவிட்சர்லாந்தில் இறுகிய தடங்களில் ஆல்டர் நட்டுப் பார்த்தபோது, மண்ணின் காற்றுத் துளைகள் மீளத் தொடங்கியதைச் சில ஆண்டுகளிலேயே அளக்க முடிந்தது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் மருந்தல்ல இது. ஆல்டருக்கு வெளிச்சம் வேண்டும், ஈரம் வேண்டும். அடர்ந்த பீச் மரங்களின் நிழலில் அது நலிந்துபோகும்.

இறுகிய மண்ணைத் தளர்த்தும் மற்ற வேலையாட்கள் மண்புழு, உறைபனி, களிமண்ணின் சுருக்கமும் விரிவும். கருங்காட்டின் வடபகுதி சிவப்பு மணற்கல் நிலம், அமிலம் மிகுந்தது. ஆழத் துளைக்கும் மண்புழு அங்கே அரிது. உறைபனி மண்ணை உடைத்துத் தளர்த்தும். உறைந்த நிலத்தின் மேல் வண்டி ஓட்டினால் கேடும் குறைவு. குளிர்காலங்கள் மிதமாகி வருவதால் அந்த உறைந்த நாட்கள் இப்போது குறைந்துகொண்டே போகின்றன.

லோதர் சாய்த்த காட்டில் சுமார் 10 ஹெக்டேரை மட்டும், ஷ்லிஃப்கோப்ஃப் மலையருகே, எதையும் தொடாமல் விட்டுவைத்தார்கள். 2003-இல் அங்கே லோதர் பாதை என்ற மரப்பலகை நடைபாதை திறக்கப்பட்டது. மரங்கள் வேரோடு பெயர்ந்த இடங்களில் பள்ளமும் மேடுமாகப் புதுமண் வெளிப்பட்டது. விழுந்த கட்டைகளுக்கிடையே பிர்ச்சும் ரோவனும் ஸ்ப்ரூஸும் தாமாக எழுந்தன. புயல் மண்ணைப் புரட்டியதே தவிர இறுக்கவில்லை. காட்டுக்குப் புயலைத் தெரியும். 30 டன் சக்கரத்தைத் தெரியாது.

மரமே வெட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சக்கரம் எங்கே போகலாம் என்பதில்தான் பிடிவாதம் வேண்டும். ஜெர்மனியில் நிலையான இழுவைத் தடங்கள் குறித்து, வண்டி அவற்றை விட்டு விலகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். 20 மீட்டருக்கு ஒன்று, நான்கு மீட்டர் அகலம் என்றால் காட்டில் ஐந்தில் ஒரு பங்கு பலியாகிறது. பொறுப்பான வனப் பராமரிப்புக்கான எஃப்எஸ்சி சான்றிதழ் பெறும் காடுகளுக்கு 40 மீட்டர் இடைவெளியே நெறி. பலி பாதியாகக் குறையும். எந்திரக் கை எட்டாத நடுப்பகுதி மரங்களை ஆள் போய் ரம்பத்தால் வெட்டி, கம்பிக் கயிற்றாலோ குதிரையாலோ தடம்வரை இழுக்க வேண்டும். செலவு கூடும். அடிமண் மீள ஆகும் பத்தாண்டுகளை எந்தக் கணக்கேட்டில் எழுதுகிறார்கள் என்று பார்த்தால், அந்தச் செலவு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. தடத்தின் ஓரத்து மரங்களில் வண்ணக் கோடு பூசித்தான் எல்லையைக் குறிக்கிறார்கள். புயலில் அந்த மரங்களே சாய்ந்தால் கோடும் போய்விடும். அப்போது வரும் இயந்திரம், ஆறத் தொடங்கிய மண்ணில் புதுத் தடம் போட்டுவிடும். அதனால் இப்போது தடங்களை ஜிபிஎஸ் கொண்டு அளந்து வரைபடத்தில் ஏற்றி, ஓட்டுநர் அறையின் திரையில் காட்டும் வழக்கம் பரவிவருகிறது. பத்து, இருபது ஆண்டு கழித்து வரப்போகும், இன்றைய வேலையாட்கள் யாரையும் அறியாத ஓட்டுநர் அதே கோட்டிலேயே வண்டியைச் செலுத்தினால்தான், கோட்டுக்கு வெளியே இறங்கிக்கொண்டிருக்கும் ஆல்டர் வேருக்கு வேண்டிய காலம் கிடைக்கும்.