இருந்த ஊரில் ஒரு விடுமுறை

கோடை விடுமுறை நெருங்கியதும் உதகமண்டலத்திற்கும் கொடைக்கானலுக்கும் மூணாற்றுக்கும் மக்கள் விரைவது வழக்கம். இரயில் வண்டியில் இடம் கிடைப்பது அரிதாகிறது. விடுதிகளில் வாடகை ஏறுகிறது. ஓய்வு நாடிச் சென்றவர் களைத்துத் திரும்புகின்றனர். பணவசதி இன்மையாலோ, வீட்டில் முதியோர் இருத்தல் பற்றியோ ஊரிலேயே தங்கிவிடும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் தம் விடுமுறை வீணாயிற்று என்று குறைப்படுவதுண்டு. அன்னார் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்னும் பாதிரியார், தம் ஊரின் பறவைகளையும் பூச்சிகளையும் பருவ மாறுதல்களையும் பல்லாண்டு குறித்து வைத்து, 1789-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உருவத்தில் ஒன்றே போல் தோன்றும் மூன்று சிறு பறவையினங்களை அவற்றின் குரலைக் கொண்டே அவர் வேறுபடுத்திக் காட்டினார். அவர் கையாண்ட கருவிகள் பெரும்பாலும் கண்ணும் காதும் நாட்குறிப்புமே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு உலகெங்கணுமிருந்து பயணிகள் வருகின்றனர். போர்த்துக்கீசியர் கட்டி, டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனையையும், 1568-ல் எழுந்த யூதர் ஆலயத்தையும் கண்டு வியந்து செல்கின்றனர். இவ்வூர்வாசிகளோ அவ்வழியே காய்கறிப் பையுடன் நாள்தோறும் நடந்தும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆலயத்தை அடுத்த மணிக்கூண்டு 1760-ஆம் ஆண்டினது. அதன் முகங்களில் ஒன்றில் உரோமன் எண்களும், ஒன்றில் எபிரேய எண்களும், மற்றொன்றில் மலையாள எண்களும் உள்ளன. மூன்று சமூகத்தார்க்கும் ஒரே நேரம் காட்டிய இக்கடிகாரத்தைத் தெருவாசிகள் எத்தனை பேர் கூர்ந்து நோக்கியிருப்பர்?

பழகிய சுற்றுப்புறத்தைப் புதிதாய் நோக்கியதன் ஒப்பற்ற சான்றும் கொச்சியிலேயே தோன்றியது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலபாரில் டச்சுக் கம்பெனியின் தலைவராக இருந்த ஹென்றிக் வான் ரீடு என்பார், இந்நாட்டுத் தாவரங்களைப் பற்றிப் பெருநூலொன்று தொகுக்க முற்பட்டார். 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு பாகங்களாக இலத்தீன் மொழியில் வெளியாயிற்று. அதில் 742 தாவரங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. முதற்கண் வைக்கப்பட்டது எது என்று எண்ணுகிறீர்கள்? யாவர் வீட்டு முற்றத்திலும் நிற்கும் தென்னையே.

அறிவு வழங்கியோர் உள்நாட்டினர். சேர்த்தலையை அடுத்த ஊரினரான இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் தம் குடும்பத்து ஏட்டுச் சுவடிகளிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் செடிகளின் பெயரையும் குணத்தையும் எடுத்துரைத்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணைநின்றனர். இவர்கள் 1675-ல் எழுதிக் கொடுத்த சான்றுரைகள் நூலின் முதற்பாகத்திலேயே அச்சாகியுள்ளன. பிற்காலத்தில் லின்னேயஸ் முதலான தாவர விஞ்ஞானிகள் இந்நூலை ஆதாரமாகக் கொண்டனர். ஏலச்செடியின் இனப்பெயராகிய 'எலெட்டாரியா' என்பது இந்நூலில் கண்ட மலையாளப் பெயரிலிருந்து பிறந்ததே.

நூல் இலத்தீனில் இருந்தமையால், அதைத் தந்த மக்களுக்கே அது எட்டாக்கனியாயிற்று. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கா. சு. மணிலால் அவர்கள் பல்லாண்டு உழைத்து, நூலில் கண்ட செடிகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் மீண்டும் களத்தில் தேடிச் சேகரித்து, ஆங்கில மொழிபெயர்ப்பை 2003-லும் மலையாளப் பதிப்பை 2008-லும் வெளிவரச் செய்தார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இம்முயற்சியின் அருமை நன்கு விளங்கும். செடியைக் கண்ணால் காணாது அதன் பெயரை மொழிபெயர்த்தல் இயலாது.

ஆகவே விடுமுறையில் முதற்பணியாகத் தம் வீட்டைச் சுற்றி நூறு அடிக்குள் முளைத்துள்ள செடிகளைக் கணக்கெடுக்கலாம். அயலில் உள்ள முதியோர் ஒவ்வொன்றையும் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்க. செடி நின்றாலும் பெயர் மறைந்துவிடும் அபாயம் உண்டு. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இட்டி அச்சுதனார் ஒரு பார்வையில் சொன்ன பெயர்களை இன்று எத்தனை மாணவர் சொல்லக்கூடும்?

கோட்டைக் கொச்சியின் சாலைகளில் நிழல் பரப்பும் தூங்குமூஞ்சி மரங்களையும் மாலையில் கவனிக்கத் தகும். அமெரிக்க வெப்பப் பிரதேசத்திலிருந்து வந்த இம்மரத்தின் இலைகள் அந்தி சாயும் போதும் மேகம் மூடும் போதும் கூம்பிவிடுகின்றன. சிற்றிலையின் அடியில் உள்ள சிறு புடைப்பில் நீரழுத்தம் மாறுவதே இதற்குக் காரணம். கடிகாரமும் கையுமாக நின்று, எம்மரம் எப்போது மூடுகிறது என்று பத்து நாள் குறித்தால் மாணவர்க்கு நல்லதொரு பாடமாகும்.

மிளகு மண்டிகளைப் பற்றி ஒரு சொல். யூதத் தெருவின் கிடங்குகள் பல இன்று கலைப்பொருள் கடைகளாகிவிட்டன. எனினும் வியாபாரிகள் மிளகைச் சோதிக்கும் எளிய முறை அறியத்தக்கது. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தை மிளகால் நிரப்பி எடை பார்க்கின்றனர். நன்கு முற்றிய மிளகு 550 கிராம் அளவு நிற்கும். பிஞ்சும் பதரும் மிகுந்தால் எடை குறையும். வீட்டு அடுக்களையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

நிற்க. இவை யாவற்றினும் இப்போது முக்கியமானது நீரைக் கவனித்தலாகும். தமிழில் ஓதம் என்று நாம் நூல்களில் எழுதுவதை இங்குள்ளோர் வேலியேற்றம், வேலியிறக்கம் என்று அன்றாடப் பேச்சில் வழங்குகின்றனர். கடலைக் குறிக்கும் 'வேலை' என்னும் நம் பழஞ்சொல்லை இது நினைவூட்டும். கொச்சியில் நாளொன்றுக்குப் பெரும்பாலும் இருமுறை நீர் ஏறி இறங்கும். இரண்டு ஏற்றமும் சம உயரம் உடையன அல்ல. மறுநாள் ஏற்றம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வரும். சீன வலைக்காரர் தம் வேலையை இக்கணக்கைப் பார்த்தே வகுத்துக்கொள்கின்றனர். கயிற்றில் தொங்கும் கற்களின் பாரமே வலையைத் தூக்கத் துணை செய்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால் அவ்வளவு பெரிய வலையும் எழுந்துவிடும். மழைக்காலத்தில் ஆறுகளின் நன்னீரோடு மிதந்துவரும் ஆகாயத்தாமரை இவ்வலைகளில் சிக்கித் தொல்லை தருகிறது. அது உப்பைத் தாங்காத செடி. எனவே கரையோரம் அது பசுமையாய் இருக்கும் நாட்களையும் கருகும் நாட்களையும் குறித்து வைத்தால், காயலில் உப்பு ஏறும் காலத்தை ஒருவாறு அறியலாம்.

வில்லிங்டன் தீவில் 1939 முதல் கடல்மட்டம் அளக்கப்பட்டு வருகிறது. அவ்வளவைகளின்படி, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மட்டம் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை உயர்ந்தது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆயின் அண்மை ஆண்டுகளில் கொச்சியைச் சூழ்ந்த தீவுகளிலும் காயற்கரை ஊர்களிலும் ஏற்ற நீர் வீட்டிற்குள்ளேயே புகுகின்றது. சுவர்ப் பூச்சு உப்பால் உதிர்கிறது, கிணறு கெடுகிறது. துறைமுகத்தில் உள்ள ஒரு கருவி ஒவ்வொரு தெருவின் நிலையையும் சொல்ல இயலாது. ஆதலின் சில ஊர்களில் குடும்பத்தலைவியர் தாமே நாட்காட்டியில் நீர் வந்த நாளையும் நேரத்தையும் உயரத்தையும் குறித்து வருகின்றனர். நிவாரணம் கோருவதற்கும், எவ்விடத்தில் அணை வேண்டும் என்று வாதிப்பதற்கும் இக்குறிப்புகளே அவர்கள் கையிலுள்ள சாட்சி.

இதை நீர்க்கரையில் வாழும் எந்த ஆசிரியரும் தம் விடுமுறையில் தொடங்கலாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இரு நாள் முன்னும் பின்னும் தவறாது அளக்க வேண்டும். தேதி, மணி, காற்றின் திசை, மழை உண்டா இல்லையா, குறியிலிருந்து நீர் எத்தனை சென்டிமீட்டர் என்பவற்றை அங்கேயே எழுதிவிடுக. வீட்டிற்கு வந்து நினைவிலிருந்து எழுதுதல் கூடாது. குறியைப் படித்துறைக் கல்லில் அல்லது பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் வண்ணத்தால் இடுக. மரத்தால் ஆன படகுத்துறையில் இடலாகாது; சேற்றில் ஊன்றிய தூண்கள் ஆண்டுக்காண்டு தாமே தாழ்ந்துவிடும்.