உங்களுக்குத் தெரியுமா? பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்

● மலாயில் ‘பத்தாங்’ என்றால் மரத்தண்டு, ‘பெர்ஜுந்தாய்’ என்றால் தொங்குவது. வட சிலாங்கூரில் அந்தப் பெயர் கொண்ட நம் ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. நம் பெரியவர்களுக்கு இன்னமும் அது பத்தாங் பெர்ஜுந்தாய்தான்.

● தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்துத் தர வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார் என்று நம் வட்டாரப் பள்ளிகள் தோட்டத்தின் பெயரைச் சுமப்பது இந்தப் பிறப்பால்தான். பள்ளியை விட்டு வெளியே வந்த பிள்ளை அடுத்து எங்கே போகும்? அதைச் சட்டம் கேட்கவில்லை.

● 1957 சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டு விற்றார்கள். ‘துண்டாடல்’ என்ற சொல்லைக் கேட்டாலே லயத்தில் அடிவயிறு கலங்கிய காலம் அது. வேலை போனால் வீடும் போகும். அன்று யாராவது அரிசியும் பருப்பும் கொடுத்திருந்தால் ஒரு மாதம் ஓடியிருக்கும். துன் வீ. தி. சம்பந்தன் வேறு வழி பார்த்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டிய கைகள் வயிற்றைக் கட்டி அந்தப் பத்து வெள்ளியைக் கட்டின. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. கூலிக்காரர் பங்குதாரர் ஆனார்! இது கூட்டுறவுச் சங்கம், அறவாரியம் அன்று. ஆனாலும், அறப்பணியில் இறங்கும் எந்தச் சிறிய அமைப்பும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுவே என்பேன்.

● 1979இல் தொடங்கிய கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் தன் பெயரிலேயே ‘ஆய்வு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டது. பிள்ளை ஏன் படிப்பை விடுகிறது என்று தெரியாமல் புத்தகப்பை மட்டும் வாங்கித் தந்து என்ன பயன்?

● ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பின் பெரிய சொத்து பணமன்று, தொண்டூழியர்களின் நேரம். மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா 1982இல் அதைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்கள் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார்கள். அங்கே படித்து மேலே போனவர்கள் திரும்பி வந்து அடுத்த வரிசைக்குக் கற்பித்தார்கள். பத்துமலைக்கு மாணவர்கள் ‘கல்வி யாத்திரை’ போவதும் இந்த நிலையத்தின் வழக்கமே. கோயிலுக்குப் போகும் கால்களைப் படிப்பின் பக்கமும் திருப்பிய யோசனை, நம் மக்களின் மனம் அறிந்தவருக்கே தோன்றும்.

● வட சிலாங்கூரிலேயே, உலு சிலாங்கூர் மாவட்டத்துக் கலும்பாங்கில் ஒரு வளாகம் இருக்கிறது. 2011இல் தோன்றிய மைஸ்கில்ஸ் அறவாரியத்துடையது. பள்ளியை விட்டு நின்றவர்களும் தடம் மாறிய இளையோரும் அங்கே தங்கித் தொழில் கற்கிறார்கள். காசோலை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தால் இது நடந்திருக்காது. ஓர் இளைஞனோடு மாதக்கணக்கில் கூடவே இருந்து, கோபத்தைப் பொறுத்து, கையில் ஒரு தொழிலைக் கொடுத்து அனுப்புவது நிதி உதவியைவிடப் பல மடங்கு கடினம்.

படிப்பை விட்டுவிட்டு வீட்டில் முடங்கியிருக்கும் ஒரு தம்பியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலும்பாங் தொலைவில் இல்லை என்று இந்த வாரமே அவன் அம்மாவிடம் சொல்லுங்கள்.