மாதக் கடைசிக்கு அஞ்சிய சேனல்

தமிழ்நாட்டில் எச்.பி.ஓ. பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சேனல் எப்படி நினைவில் இருக்கும்? இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஹாலிவுட் படம், திரையின் அடியில் ஆங்கில வசனம், சண்டை சூடுபிடிக்கிற நேரத்தில் ஷாம்பு விளம்பரம். முத்தம் நெருங்கினால் காட்சி தாவிவிடும். இதைப் பார்த்துப் பழகியவரிடம், அந்தச் சேனல் பிறந்த நாட்டில் அதில் விளம்பரமே கிடையாது, படத்தில் ஓரிடத்திலும் கத்தரி படாது என்று சொன்னால் நம்பச் சிரமப்படுவார். ஆனால் அந்த இரண்டையும் நம்பித்தான் அமெரிக்கர்கள் அதற்குத் தனியாகக் காசு கொடுத்தார்கள்.

பிரீமியம் சேனல் என்றால் என்ன என்பதை இங்கிருந்தே தொடங்கலாம். சாதாரண டிவி சேனலுக்கு வாடிக்கையாளர் நாம் அல்ல, விளம்பரக் கம்பெனிதான். நிகழ்ச்சியைக் காட்டி நம்மை உட்கார வைத்து, உட்கார்ந்திருக்கும் நம் தலைகளை எண்ணி விற்பதுதான் அங்கே வியாபாரம். பிரீமியம் சேனலில் இது தலைகீழ். கேபிள் கட்டணத்துக்கு மேலே, இந்த ஒரு சேனலுக்கென்று பார்ப்பவரே மாதாமாதம் பணம் கட்டுகிறார். கேபிள் கம்பெனி அதை வசூலித்துத் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைச் சேனலுக்குத் தருகிறது. பணம் வரும் திசை மாறியதும், எந்தப் படத்தை எந்த நேரத்தில் போடுவது என்பது வரை எல்லாம் மாறிவிட்டது.

1960-களில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் கேபிள் இழுக்கும் உரிமையை, பிற்பாடு எச்.பி.ஓ.வைத் தொடங்கிய சார்லஸ் டோலன் என்பவர் பெற்றிருந்தார். வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஆன்டெனாவில் படம் இரண்டு மூன்றாகத் தெரியும். அதனால் தேவை இருந்தது. ஆனால் தெருவைத் தோண்டி நிலத்தடியில் கேபிள் பதிக்க ஆன செலவு ஆளை விழுங்கியது. டைம் லைஃப் நிறுவனம் பணம் போட்டும் நஷ்டம் தீரவில்லை. 1971 கோடையில் குடும்பத்தோடு பிரான்ஸுக்குக் கப்பலில் போகும்போதுதான் டோலனுக்கு யோசனை வந்தது: புதுப் படங்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் வெட்டாமல், விளம்பரமில்லாமல் வீட்டுக்கே கொண்டுவந்தால் ஜனங்கள் தனியாகப் பணம் கட்டுவார்களா? குவீன் எலிசபெத் 2 என்ற அந்தக் கப்பலிலேயே திட்டத்தை எழுதினார். முதலில் வைத்த பெயர் ‘கிரீன் சேனல்’. எச்.பி.ஓ.வின் விரிவான ‘ஹோம் பாக்ஸ் ஆபீஸ்’, அதாவது வீட்டுக்குள்ளேயே டிக்கெட் கவுன்டர் என்பது, நல்ல பெயர் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று ஒப்புக்கு வைத்தது. நல்ல பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை.

தொடங்க நினைத்த ஊர் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன். ஆனால் அந்த ஊர், பிலடெல்பியா கூடைப்பந்து அணியின் ஒளிபரப்புத் தடை எல்லைக்குள் இருந்தது. விளையாட்டைக் காட்ட முடியாவிட்டால் பாதிக் கடை மூடிய மாதிரி. அதனால் அதே மாநிலத்தின் வில்க்ஸ்-பேரி என்ற ஊருக்கு மாற்றினார்கள். 1972 நவம்பர் 8 இரவு, பலத்த காற்றில் அந்த ஊர் ஆன்டெனா சாய்ந்துபோய், அவசரமாகச் சரிசெய்து ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். முதலில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் – வான்கூவர் கனக்ஸ் ஐஸ் ஹாக்கி ஆட்டம், பிறகு பால் நியூமன் நடித்த ‘சம்டைம்ஸ் எ கிரேட் நோஷன்’ படம். பணம் கட்டியிருந்த வீடுகள் 365. மாதக் கட்டணம் 6 டாலர்.

அடுத்த ஆண்டே சேனலின் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. முதல் மாதம் ஆசையாகச் சேர்வார்கள். இரண்டாம் மாதம், பார்த்த படமே திரும்ப வருகிறதே என்று முணுமுணுப்பார்கள். மூன்றாம் மாதம் போன் பண்ணி நிறுத்திவிடுவார்கள். ஒருபக்கம் தண்ணீர் ஊற்ற ஊற்ற மறுபக்கம் ஒழுகும் ஓட்டைக் குடம். 1973 மார்ச்சில், பென்சில்வேனியாவில் நடந்த ஒரு போல்கா நடன விழாவைக்கூட நேரலையாகக் காட்டிப் பார்த்தார்கள். எச்.பி.ஓ. தானே தயாரித்த முதல் சிறப்பு நிகழ்ச்சி அதுதான். பிற்காலத்தில் ‘தி சோப்ரானோஸ்’ என்ற மாஃபியா தொடரை எடுத்த சேனலின் முதல் சொந்தச் சரக்கு அக்கார்டியன் இசையும் குதியாட்டமும் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். அந்த ஆண்டே டோலன் வெளியேற்றப்பட்டார். வழக்கறிஞராக இருந்து வந்த ஜெரால்ட் லெவின் பொறுப்பேற்றார்.

அதுவரை மைக்ரோவேவ் கோபுரங்கள் வழியே ஊர் ஊராகத் தாவித் தாவித்தான் ஒளிபரப்பு போனது. ஒவ்வொரு புது ஊருக்கும் புதுக் கோபுரச் செலவு. லெவின் சாட்டிலைட்டை நாடினார். 1975 செப்டம்பர் 30 இரவு, மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய குத்துச்சண்டை, சாட்டிலைட் வழியே ஃபுளோரிடாவின் வீரோ பீச், ஃபோர்ட் பியர்ஸ் பகுதிக்கும் மிசிசிப்பியின் ஜாக்சன் ஊருக்கும் நேரலையாக இறங்கியது. அன்று சிக்னலைப் பிடிக்கப் பத்து மீட்டர் அகல டிஷ் வேண்டும். சின்ன கேபிள்காரரால் கட்டுப்படியாகாது. 1976-இல் 4.5 மீட்டர் டிஷ்ஷுக்கு அரசு அனுமதி தந்ததும் விலை இறங்கி, ஊருக்கு ஊர் டிஷ் முளைத்தது. எச்.பி.ஓ.வுக்காக வைத்த அதே டிஷ்ஷில் பிறகு மற்றவர்களின் சேனல்களும் வந்து இறங்கின. சாட்டிலைட் வழியே நாடு முழுக்கச் சேனல் என்ற வழியே இப்படித்தான் திறந்தது.

இன்னொரு பூட்டு சட்டத்தில் இருந்தது. பணம் கட்டுகிறவர்களுக்கு நல்ல படங்கள் போய்விட்டால் இலவச டிவி வறண்டுவிடும் என்று சொல்லி, வெளியாகி மூன்று ஆண்டுக்கும் பத்து ஆண்டுக்கும் இடைப்பட்ட படங்களைக் கட்டணச் சேனல்கள் பொதுவாகக் காட்டக் கூடாது என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விதி வைத்திருந்தது. எச்.பி.ஓ. வழக்குப் போட்டது. 1977-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிகளைத் தள்ளுபடி செய்தது. படத்துக்கான பூட்டு திறந்துகொண்டது.

இனி உண்மையான வித்தைக்கு வருவோம்: நிகழ்ச்சிப் பட்டியல். சாதாரண சேனலின் கவலை, இன்று இரவு எட்டரைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது. பிரீமியம் சேனலுக்கு அந்தக் கவலை இல்லை. காலண்டரின் கடைசித் தாள்தான் அதற்கு எமன். கேபிள் பில் வந்ததும் வீட்டுக்காரர் மனதில் ஒரு கணக்கு ஓடும்: ‘இந்த மாதம் இதில் உருப்படியாக என்ன பார்த்தோம்?’ அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். பட்டியல் மொத்தமும் அந்தப் பதிலுக்காகத்தான் போடப்படுகிறது.

அதனால்தான் ஒரே படம் மாதத்தில் ஐந்தாறு முறை வரும், ஒவ்வொரு முறையும் வேறு கிழமையில், வேறு நேரத்தில். செவ்வாய் இரவு ஷிப்டுக்குப் போனவர் வியாழன் மதியம் பார்த்துக்கொள்ளலாம். வீடியோ டெக் பரவாத காலத்தில் இது சாதாரண வசதியல்ல. புதிதாக வரும் பெரிய படத்துக்குச் சனிக்கிழமை இரவு எட்டு மணி என்று ஓர் இடம் நிலைத்தது. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் தனியாகப் பார்க்கக் கூடாத ‘ஆர்’ சான்றிதழ் படங்களை இரவு எட்டுக்கு முன் போடுவதில்லை என்று எச்.பி.ஓ. ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. பகலில் பிள்ளைகள் பார்க்கிற சேனல்தான் ராத்திரி அப்பா பார்க்கிற சேனலும் என்றால் அம்மா அதை நிறுத்தச் சொல்ல மாட்டாள் அல்லவா! இரண்டு படங்களுக்கு நடுவே நேரம் மிஞ்சினால் குறும்படம், பாட்டு என்று நிரப்புவார்கள். மாதாந்திரப் பட்டியல் புத்தகம் வீட்டுக்குத் தபாலில் வரும். பணம் கட்டாத வீடுகளுக்கு எப்போதாவது ஒரு வார இறுதியில் சேனலைத் திறந்துவிட்டு ருசி காட்டுவதும் உண்டு.

1981 டிசம்பர் இறுதியில் எச்.பி.ஓ. இருபத்து நான்கு மணி நேரச் சேனல் ஆனது. நேரம் நிறைய, படம் குறைவு. 1982-இல் வந்த ‘தி பீஸ்ட்மாஸ்டர்’ என்ற மாயாஜாலப் படம் எத்தனை முறை ஓடியதென்றால், எச்.பி.ஓ. என்ற மூன்றெழுத்துக்கே ‘ஹே, பீஸ்ட்மாஸ்டர்ஸ் ஆன்’ என்று கேலியாக விரிவு சொன்னார்கள். ‘அட, பீஸ்ட்மாஸ்டர் ஓடுதுப்பா’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் குறையக் காரணம், ஸ்டூடியோக்களோடு நடந்த இழுபறி. ஒரு படம் முதலில் தியேட்டருக்கு, சில காலம் கழித்துக் கட்டணச் சேனலுக்கு, அதற்கும் பிறகு இலவச டிவிக்கு என்று படிப்படியாக இறங்கி வரும். நடுப் படியில் எச்.பி.ஓ. உட்கார்ந்துகொண்டு விலையைத் தானே நிர்ணயிக்கிறது என்று ஹாலிவுட் கொதித்தது. 1980-இல் கொலம்பியா, பாரமவுண்ட், யுனிவர்சல், ஃபாக்ஸ் நான்கும் கெட்டி எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து ‘பிரிமியர்’ என்று சொந்தச் சேனல் தொடங்கி, தங்கள் படங்களை முதல் ஒன்பது மாதம் அதற்கே வைத்துக்கொள்ளத் திட்டமிட்டன. அரசு வழக்குப் போட, நீதிமன்றம் தொடக்கத்திலேயே தடுத்துவிட்டது. எச்.பி.ஓ. சும்மா இருக்கவில்லை. 1980-இலேயே சினிமாக்ஸ் என்ற துணைச் சேனலைத் தொடங்கியது. 1982-இல் கொலம்பியா, சி.பி.எஸ். இரண்டோடும் சேர்ந்து ட்ரைஸ்டார் என்ற ஸ்டூடியோவையே உருவாக்கியது. கலிபோர்னியாவில் 1976-இல் பிறந்த போட்டிச் சேனல் ஷோடைம், 1983-இல் பாரமவுண்ட் படங்களை ஐந்தாண்டுக்கு மொத்தமாகப் பேசி வாங்கியது. ‘இந்தப் படம் எங்களிடம் மட்டும்தான்’ என்ற இன்றைய ஓ.டி.டி. சண்டையின் முதல் சுற்று இது.

கட்டணம் கட்டாமல் பார்த்தவர்கள் கதை தனி. கிராமப்புறங்களில் கொல்லையில் பெரிய டிஷ் வைத்தவர்கள், சாட்டிலைட்டிலிருந்து நேரடியாகப் பிடித்து இலவசமாகப் பார்த்துவந்தார்கள். 1986 ஜனவரியில் எச்.பி.ஓ. சிக்னலைப் பூட்டியது. இனி 395 டாலருக்கு டீகோடர் வாங்கி, மாதம் 12.95 டாலர் கட்ட வேண்டும். அந்த ஏப்ரல் 27 நள்ளிரவு தாண்டி, ஓடிக்கொண்டிருந்த படம் மறைந்து, ‘கேப்டன் மிட்நைட்’ என்ற பெயரில், 12.95 டாலரெல்லாம் தர முடியாது என்ற வாசகம் திரையில் வந்தது. நாலரை நிமிடம் நின்றது. டிஷ் வியாபாரம் படுத்துப்போன ஃபுளோரிடாக்காரர் ஒருவர், தாம் பகுதி நேரம் வேலை பார்த்த சாட்டிலைட் நிலையத்திலிருந்து அதிக சக்தியில் சிக்னல் அனுப்பி எச்.பி.ஓ.வை அமுக்கியிருந்தார். 5,000 டாலர் அபராதத்தோடு தப்பினார்.

அதைவிடப் பெரிய அடி சத்தமில்லாமல் விழுந்தது. தெருமுனையில் வீடியோ கடை வந்துவிட்டது. சேனலில் வருவதற்கு மாதங்கள் முன்பே அந்தப் படம் கேசட்டில் கிடைக்கும்போது, சேனலுக்கு எதற்குப் பணம்? மற்றவர்களிடம் கிடைக்காதது வேண்டுமென்றால் தானே எடுத்தால்தான் உண்டு. 1983-இலேயே ‘தி டெர்ரி ஃபாக்ஸ் ஸ்டோரி’ என்று ஒரு படத்தைத் தானே எடுத்து வெளியிட்டிருந்தது. 1997-இல் சிறைக்கூடக் கதை ‘ஆஸ்’, 1998-இல் ‘செக்ஸ் அண்ட் தி சிட்டி’, 1999 ஜனவரியில் ‘தி சோப்ரானோஸ்’. விளம்பரம் இல்லாததால், விளம்பர இடைவேளைக்கு முன் ஒரு திடுக் திருப்பம் வைக்க வேண்டிய கட்டாயம் கதாசிரியருக்கு இல்லை. நாயகன் கொலைகாரன் என்று சோப்புக் கம்பெனி கோபிக்கப் போவதும் இல்லை. இந்தச் சுதந்திரத்தைப் பலரும் கலைத்தாகம் என்று புகழ்கிறார்கள். எனக்கு அதில் பாதிக்கு மேல் கணக்குப் பிள்ளையின் மூளைதான் தெரிகிறது. எல்லா வீட்டிலும் எல்லாம் பிடிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர், ‘அதை நிறுத்திடாதீங்க, எனக்கு வேணும்’ என்று சொல்ல ஒரு நிகழ்ச்சி இருந்தால் போதும். குத்துச்சண்டைப் பிரியருக்கு ஒன்று, சிரிக்க நினைப்பவருக்கு ஒன்று, மாஃபியா கதைக்காரருக்கு ஒன்று. 1991-இல் ஒரே சந்தாவில் இரண்டு மூன்று எச்.பி.ஓ.க்களைத் தரத் தொடங்கியதும் இதே கணக்கில்தான்.

இந்தியாவுக்கு 2000-இல் வந்த எச்.பி.ஓ., அந்தக் கணக்கை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தது. அப்போது இங்கே ஒரு தெருவில் எத்தனை இணைப்பு என்று கேபிள்காரர் சொன்னதுதான் எண்ணிக்கை. அவர் சொன்ன எண்ணுக்கும் நிஜத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எந்த வீடு பணம் கட்டியது என்றே தெரியாதபோது, சந்தாவை மட்டும் நம்பி எப்படிப் பிழைப்பது? ஆகவே விளம்பரம். இதை மாற்றத்தான் கட்டணச் சேனல்களை செட் டாப் பாக்ஸ் வழியே மட்டும் பார்க்கும் முறை கொண்டுவரப்பட்டது. 2003 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்த ஊர் சென்னை. பாக்ஸ் வாங்காத வீடுகளில் கட்டணச் சேனல்கள் ஒரே நாளில் காணாமல் போன கதையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2013-இல் எச்.பி.ஓ. டிஃபைண்ட், எச்.பி.ஓ. ஹிட்ஸ் என்று விளம்பரமில்லாத இரண்டு சேனல்களை இந்தியாவில் தொடங்கிப் பார்த்தார்கள். அவை சில ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. 2020 டிசம்பர் 15-ஆம் தேதியோடு, விளம்பரத்தோடு ஓடிய பழைய எச்.பி.ஓ.வும் இங்கே நின்றுபோனது.

அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் எச்.பி.ஓ. மேக்ஸ் என்ற இணையச் சேவை தொடங்கியது. நடுவில் பெயரை வெறும் மேக்ஸ் என்று சுருக்கி, 2025-இல் மறுபடி பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். போன் பண்ணி, லைனில் காத்திருந்து நிறுத்த வேண்டிய சந்தாவை இப்போது இரண்டு தட்டலில் நிறுத்திவிடலாம். 2021 ஜூனில் அந்தச் சேவைக்கு இரண்டு விலை வந்தது: மாதம் 14.99 டாலர் என்றால் விளம்பரம் இல்லை, 9.99 டாலர் என்றால் விளம்பரம் உண்டு. மலிவுச் சந்தாவிலும் எச்.பி.ஓ.வின் சொந்தத் தொடர்களுக்கு நடுவே மட்டும் அப்போது விளம்பரம் போடவில்லை.