வெளுத்ததெல்லாம் பாலன்று: பளு தூக்குவோர் கையிற் பூசும் தூள் எது?

பளு தூக்கும் வீரர் மேடைக்கு வரும் காட்சியை நேரிலோ தொலைக்காட்சியிலோ கண்டிருப்பீர்கள். இரும்புத் தண்டை அணுகுமுன் அவர் செய்யும் முதற் கருமம் ஒன்றுண்டு. மேடையோரத்துத் தட்டிலே கைவிட்டு, வெண்ணிறத் தூளைத் தொட்டு, உள்ளங்கை இரண்டிலும் நன்றாகத் தேய்க்கின்றார். மிகுதியை உதறிய பின்னரே மேடையேறுகின்றார். காண்போருட் பலர் இதனை ஒரு சடங்கென்றே கருதுகின்றனர். இது சடங்கன்று. தலைக்கு மேலே செல்லவிருக்கும் பாரம் கைநழுவாதிருக்கும் பொருட்டு அவர் செய்துகொள்ளும் காப்பு ஆகும்.

2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்து, மக்கள் தத்தம் ஊர்களுக்கு மீண்ட பின்னர், வன்னிப் பெருநிலப்பரப்பின் பள்ளிக்கூட மைதானங்கள் மறுபடியும் பிள்ளைகளின் ஆரவாரத்தைக் கேட்கலாயின. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஓட்டமும் பாய்தலும் எறிதலும் பயிலும் பிள்ளைகள் உளர். பளு தூக்கலில் ஆசை கொள்வோரும் உளர். இரும்புத் தண்டை எவ்வாறேனும் தேடிக்கொள்ளும் பிள்ளைக்கு, கையிற் பூசும் தூள் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. ஊர்க் கடையிலே அது எளிதிற் கிடைப்பதுமில்லை. ஆகவே வெள்ளையாய் எது கண்ணிற் படுகின்றதோ அதனை எடுத்துப் பூசிக்கொள்ள மனம் துணிகின்றது. வெளுத்ததெல்லாம் பாலென்று எண்ணுவது இவ்விடத்திலே வீண் செலவுக்கு மட்டுமன்றித் தீங்குக்கும் வழியாகும். ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் நன்று.

கை ஏன் நழுவுகின்றது?

உடலின் பிற பாகங்கள் வெப்பத்தால் வியர்க்கின்றன. உள்ளங்கையோ அச்சத்தாலும் ஆவலாலும் வியர்க்கின்றது. பரீட்சை மண்டபத்திலே பேனா வழுக்குவதை அறியாத மாணவர் யார்? போட்டி மேடையிலும் அதுவே நிகழ்கின்றது. பயிற்சியின்போது எளிதாகத் தூக்கிய பாரம் போட்டி நாளில் விரல்களை விட்டு வழுவுவதற்கு, பலக்குறைவன்றிக் கையின் ஈரமே காரணமாவதும் உண்டு. மாரி மழைக் காலத்து ஈரக் காற்றும் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கடற்காற்றும் அவ்வீரத்தை உலர விடுவதில்லை.

நம் முன்னோரும் இதனை அறிந்தே இருந்தனர். தமிழ்நாட்டுக் கிராமங்களிலே இளவட்டக்கல் தூக்க முன்வரும் இளைஞன் குனிந்து மண்ணை எடுத்துக் கையிலே தேய்த்துக்கொள்வான். மண் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் தோலையும் உராயும். ஈரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தோலுக்கு ஊறு செய்யாத பொருளைத் தேடியதன் பயனே இன்றைய தூள்.

பெயரிலே ஒரு மயக்கம்

விளையாட்டு வீரர் இதனைச் 'சோக்' என்பர். அப்பெயரைக் கேட்டு வகுப்பறை வெண்கட்டியை நினைத்துவிடலாகாது. வெண்கட்டி பெரும்பாலும் கல்சியம் சல்பேற்று என்னும் ஜிப்சத்தாலோ கல்சியம் காபனேற்றாலோ ஆனது. வீரர் பூசுவதோ மகனீசியம் காபனேற்று. இது நீரிலே கரைவதில்லை என்றே கூறலாம். ஆயினும் ஈரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். கையிலே குழம்பாய் வழியாமல் உலர்ந்து நிற்பது இதனாலேதான்.

இந்தப் பெயர் மயக்கத்துக்குத் தமிழ் நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. சேலம் நகரின் அருகே வெண்ணிறமாய்த் தோன்றும் குன்றுகளைக் கண்ட ஆங்கிலேயர், அவற்றுக்குச் 'சோக் மலைகள்' என்று பெயரிட்டனர். ஆராய்ந்து பார்க்கையில் அங்கிருந்தது மகனசைற்று என்னும் கனியம், அதாவது இயற்கையில் விளைந்த மகனீசியம் காபனேற்று. அது உருக்குலைகளின் உட்புறத்தே வைக்கும் தீச்செங்கல்லுக்குப் பயன்படுவது. குன்றின் பெயரும் தப்பு. தூளின் பெயரும் அதே தப்பு!

இப்பொருள் நம் குடும்பங்களுக்கு முற்றிலும் புதியதன்று. வயிற்றெரிவுக்கென மருத்துவர் தரும், பெப்பமின்ற் மணம் கமழும் வெள்ளைக் கலவையிலும் மகனீசியம் காபனேற்று சேர்வதுண்டு. முறையாய்ச் செய்த தூள் கைக்கு நஞ்சன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

வெள்ளை உடுத்த வேடதாரிகள்

இனி, பிள்ளைகள் தவறாக எடுக்கக்கூடிய பொருள்களை ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

முதலாவது, முகத்துக்குப் பூசும் பவுடர். வழுவழுப்பே அதன் குணம். இரும்புத் தண்டைப் பிடிக்கும் கைக்கு அதைப் பூசுவது பிடியைத் தளர்த்துவதற்குச் சமம். இரண்டாவது, கரம் பலகையிலே தூவும் மா. காய்கள் தடையின்றி ஓடும்படி செய்வதே அதன் தொழில். ஓட வேண்டிய காய்க்கு ஏற்றது, ஓடக்கூடாத தண்டுக்கு ஏற்குமா? மூன்றாவது, வகுப்பறை வெண்கட்டித் துகள். அது தீங்கற்றது, ஆனால் ஈரத்தை வாங்குவதில் மகனீசியத் தூளுக்கு ஈடாகாது.

நான்காவதே மிகவும் அஞ்சத் தக்கது. இல்ல மெய்வன்மைப் போட்டிக்குச் சில மைதானங்களிலே நீற்றிய சுண்ணாம்பாற் கோடு இடுவதுண்டு. மைதானத்து மூலையிலே அந்தச் சாக்கு அவிழ்ந்து கிடக்கும். குண்டு போடவோ கயிறிழுக்கவோ நிற்கும் பிள்ளை அதனுள்ளே கைவிடுவது எளிது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சிறிது கூடினாலே வாய் வெந்துபோவதை நம் வீட்டுப் பாட்டிமார் அறிவர். வியர்த்த கையிலே பட்ட சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். அக்கையாற் கண்ணைத் துடைத்தால், பார்வையையே பறித்துவிடவுங் கூடும். பனையேறும் தொழிலாளி பதநீர் புளிக்காதிருக்கும்படி முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு தடவுகின்றார். சுண்ணாம்பு முட்டிக்குள் இருக்க வேண்டிய பொருள். கையில் இருக்க வேண்டியதன்று.

தவறிக் கண்ணிற் சுண்ணாம்பு பட்டுவிட்டால், கசக்காமல், உடனே தூய நீரை இடைவிடாது ஊற்றி அரைமணி நேரமாவது கழுவுதல் வேண்டும். பின்னர் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. முதலில் நீர், பின்னரே வாகனம் என்பதை நினைவிற் கொள்க.

வாங்குமுன் சோதிக்கும் வகை

சந்தையிலே இப்பொருள் நான்கு உருவங்களில் வருகின்றது. சதுரக் கட்டி, தளர்ந்த தூள், துணிப்பையிற் கட்டிய உருண்டை, போத்தலில் அடைத்த திரவம் என்பன அவை.

கட்டியே சிக்கனமானது. வேண்டிய அளவு தேய்த்துக்கொண்டு மீதியை மூடி வைக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு இதுவே ஏற்றது. தளர்ந்த தூள் எளிதிற் பற்றும். எனினும் காற்றிற் பறந்து வீணாகும். பையுருண்டை அளவோடு தூள் தரும். ஆயினும் அதனால் அறைக்குள் தூசி குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை. மலையேற்றக் கூடங்களிலே காற்றின் தூசியை அளந்து பார்த்த ஐரோப்பிய ஆய்வாளர்களும் இதனையே கண்டனர். திரவத்தில் மகனீசியத் தூளோடு அற்ககோல் கலந்திருக்கும். பூசிய சிறிது நேரத்தில் அற்ககோல் ஆவியாகித் தூள் மட்டும் கையிலே படியும். ஈழை நோயுள்ள பிள்ளைக்கும் காற்றோட்டம் குறைந்த அறைக்கும் இது நல்லது. ஆயினும் விலை கூடியது, தீப்பற்றக் கூடியது, கை வெடித்திருந்தால் எரியும்.

பெயர்ச்சீட்டிலே 'மகனீசியம் காபனேற்று' என்று தெளிவாய் எழுதியிருக்கின்றதா என்று முதலிற் பாருங்கள். ஐயமிருப்பின், சிட்டிகையளவு தூளிலே சில துளி வினாகிரியை விடுங்கள். காபனேற்றாயின் நுரைத்துப் பொங்கும். பவுடரும் ஜிப்சமும் கரம் மாவும் பொங்குவதில்லை. கல்சியம் காபனேற்றும் பொங்குமாதலால், பொங்கியது என்ற அளவில் முடிவு கட்டிவிடலாகாது. கையில் எடுத்து நிறையையும் பாருங்கள். நல்ல மகனீசியக் கட்டி அதன் பருமனுக்கு வியக்கத்தக்க அளவு இலேசாயிருக்கும்.

அளவே அழகு

பாறையேறுவோருக்கு இத்தூளை அறிமுகஞ் செய்தவர் ஜோன் கில் என்னும் அமெரிக்கர். கணிதப் பேராசிரியராய் விளங்கிய இவர், இளமையிலே பயின்ற உடற்பயிற்சிக் கலையிலிருந்து இவ்வழக்கத்தை 1950களிலே பாறைக்குக் கொண்டு வந்தார். இன்று பாறையேற்றம் ஒலிம்பிக் விளையாட்டாகவே ஆகிவிட்டது. 2021 இல் நடைபெற்ற தோக்கியோ விழாவிலே அது முதன்முறை இடம்பெற்றது.

இத்தனை பேர் பூசும் தூள் உண்மையிலே பயன் தருகின்றதா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது விந்தையான முடிவுகள் கிடைத்தன. 2001 இல் வெளிவந்த ஓர் ஆங்கில ஆய்வு, தூள் பூசிய விரல்களின் உராய்வு குறைந்ததாகக் கூறிற்று. 2012 இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, சுண்ணாம்புக் கல்லிலும் மணற்கல்லிலும் உராய்வு கூடியதாகக் காட்டிற்று. முன்னைய ஆய்வாளர் தந்த விளக்கம் நமக்குப் பாடமாகும்: கைக்கும் பாறைக்கும் இடையே தூள் தடித்த படையாய் நின்றால், அத்துகள்களே உருண்டு வழுக்கச் செய்யும். ஆகவே வியர்வையைத் துடைத்து, மெல்லிய படையாகத் தேய்த்து, மிகுதியைத் தட்டிவிடுதலே முறை. கோதுமை மாவிலே புரட்டிய பலகாரம் போலக் கையை வெளுப்பாக்குவது வீரமன்று.

விதி சொல்வது யாது?

சர்வதேசப் பளு தூக்கல் விதிகள் இத்தூளைக் கையிலும் தொடையிலும் பூச இடந்தருகின்றன. எண்ணெய், கொழுப்பு, நீர், வழுக்குப் பவுடர் ஆகியவற்றைத் தொடையிற் பூசுவதைத் தடுக்கின்றன. கோலூன்றிப் பாய்தலிலும் பிடிக்கு உதவும் பொருளைக் கையிலோ கோலிலோ பூசலாம். குண்டு போடுவோர் கையிலும் கழுத்திலும் பூசிக்கொள்ளலாம். வேலூரைச் சேர்ந்த தமிழரான சதீஷ் சிவலிங்கம், 2018 பொதுநலவாய விளையாட்டு விழாவிலே 144, 173 கிலோக்களை அடுத்தடுத்துத் தூக்கி, மொத்தம் 317 கிலோவுடன் தங்கம் வென்றார். நம் நாட்டுச் சிந்தன விதானகே 2006 இல் மெல்போர்னிலே 62 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அத்தகைய பாரங்கள் யாவும் உயர்வது பத்து விரல்களின் பிடியினாலேயே என்பதை எண்ணிப் பாருங்கள்.

வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

பயிற்சி முடிந்ததும் பிள்ளை கையை நன்கு கழுவுதல் வேண்டும். தூள் தோலை உலர்த்தி வெடிக்கச் செய்யும். இரவிலே சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். பயிற்சிக்கு முன் அதன் பிசுக்குத் துளியும் இருத்தல் கூடாது. உள்ளங்கைக் காய்ப்பை அளவோடு தேய்த்து மட்டப்படுத்தாவிடின், அது ஒரு நாள் உரிந்து புண்ணாகும். இரும்புத் தண்டையும் தூரிகையாற் சுத்தஞ் செய்க. சொரசொரப்பான வெட்டுகளிடையே தங்கும் தூள் ஈரத்தை வாங்கித் துருவை வளர்க்கும். மாரி காலத்தில் இது விரைவாய் நிகழும்.

வெளிநாடுகளிலே வாழும் நம்மவரும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பந்தும் சப்பாத்தும் அனுப்பி உதவுகின்றனர். அப்பொதியிலே சில மகனீசியக் கட்டிகளையும் சேர்த்து அனுப்புவராயின் சிறு செலவிற் பெரும் பயன் விளையும். பள்ளிக்கூடத்தார் செய்யத்தக்கது இதனினும் எளிது: கோடிடும் சுண்ணாம்புச் சாக்கைப் பூட்டிய அறையிலே வைத்து, கைக்குரிய தூளை மூடியிட்ட பாத்திரத்திலே பெயரெழுதி வைப்பார்களாக. சிறு துரும்பும் பல்லுக்குத்த உதவும் என்பர். நல்ல தூளாயின், ஒரு சிட்டிகை ஒரு பிள்ளையின் கையையும் கண்ணையும் காத்து, வருடம் முழுவதும் அவன் உழைத்த உழைப்பையும் காக்கும்.