சிப்பின் இரண்டு கால்களில் இருக்கும் இசை

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைப் பக்கம் உள்ள வீடுகளில் பழைய டிவி வீடியோ கேம் பெட்டி ஏதாவது இன்னும் பரணில் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும், அவற்றின் அடிப்படை ஒன்றுதான்: நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம். அதன் இசையை நாம் முழுதாகக் கேட்டதே இல்லை.

ஃபேமிகாமின் மூளையான ரிக்கோ சிப்புக்குள்ளேயே ஒலிச் சுற்றும் இருக்கிறது. அதற்கு ஐந்து குரல்கள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவுசெய்த ஒலிக்கு ஒன்று. முக்கோண அலையின் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை; ஒலிக்கும் அல்லது நிற்கும், அவ்வளவுதான். 1985-இல் சூப்பர் மரியோவுக்கு இசையமைத்த கோஜி கோண்டோ இந்தக் குறுகிய இடத்துக்குள் மெட்டைச் சதுர அலைகளுக்கும், அடிநாதத்தை முக்கோணத்துக்கும், தாளத்தை இரைச்சலுக்கும் கொடுத்தார். அந்த இசைதான் நம் வீடுகளில் பெரும்பாலும் முழுதாகக் கேட்காமல் போனது.

காரணம், ஆன்டெனா வயர். பெட்டி முதலில் படத்தையும் ஒலியையும் ரேடியோ அலையாக்கி அனுப்பும். டிவி அதை மறுபடி பிரிக்கும். இந்திய டிவி, ஒலியைப் பட அலையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தேடும். சீன முறைக்குச் செய்த பெட்டியில் அது 6.5. இடைவெளி பொருந்தாத பெட்டியில் படம் வரும், ஒலி வராது. பொருந்தினாலும் தொல்லை தீராது. ஒலியைப் பிரிக்க டிவி பட அலையையே துணைக்கு எடுத்துக்கொள்வதால், திரையில் பளிச்சென்று வெள்ளை எழுத்து வந்ததும் ஸ்பீக்கர் உர்ரென்று உறுமும்.

இதற்கு மருந்து எளிது. ஒலி, தன்னை ரேடியோ அலையாக்கும் மாடுலேட்டர் டப்பாவுக்குள் நுழையும் முன்பே, 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றின் வழியாக அதை வெளியே எடுத்து, ஆர்சிஏ சாக்கெட்டில் சால்டர் செய்ய வேண்டும். கபாசிட்டர் நேர்மின்னோட்டத்தைத் தடுத்து ஒலியை மட்டும் விடும். ஷீல்டு வயர் அவசியம். அதன் பிறகும் ஹம் கேட்டால் அடாப்டரைப் பாருங்கள். உள்ளே வடிகட்டும் கபாசிட்டர் வயதாகி வறண்டிருக்கும்.

இன்னும் ஒரு படி போகலாம். நாற்பது கால் கொண்ட அந்தச் சிப்பில் முதல் காலில் சதுர அலைகள் இரண்டும், இரண்டாம் காலில் மற்ற மூன்றும் வெளிவருகின்றன. தனித்தனியாக எடுத்தால் ஸ்டீரியோ. ஆனால் ஹெட்ஃபோனில் ஒரு காதில் மெட்டும் மறு காதில் தாளமும் மட்டும் கேட்பது சீக்கிரம் சலிப்பூட்டும். நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைத்து இரண்டையும் கொஞ்சம் கலப்பதே என் விருப்பம். கறுப்பு எபாக்ஸி பொட்டுக்குள் சிப்பை மூடிய மலிவான பெட்டிகளில் கால்களே தெரியாது. அங்கே மோனோவோடு திருப்தி அடைய வேண்டும்.

ஏவி சாக்கெட் இல்லாத பழைய டிவியைத் திறந்து அங்கே வயர் இழுக்க மட்டும் முயலாதீர்கள். சில செட்டுகளில் சேஸிஸ் நேரடியாக மின் லைனோடு இணைந்திருக்கும், உயிருக்கே ஆபத்து. ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுங்கள், படம் ஆன்டெனா வழியாகவே வரட்டும்.

வயரால் தீராத வித்தியாசமும் ஒன்று உண்டு. சதுர அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதே அதன் குரலைத் தீர்மானிக்கிறது. இந்தப் பெட்டிகளில் ரிக்கோவுக்குப் பதிலாக வந்த நகல் சிப்புகள் பலவற்றில் 25 சதவீதமும் 50 சதவீதமும் இடம் மாறியிருக்கும். சில மெட்டுகள் அசலைவிட மெலிந்தும், சில தடித்தும் ஒலிக்கும். அதைத் திருத்தச் சிப்பையே மாற்ற வேண்டும். நான் மாற்றமாட்டேன், நம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த மரியோ அந்தக் குரலில்தான் பாடியது.