பந்துக்கு இல்லாத தீட்டு டம்ளருக்கு ஏன்?

கோடை வந்துவிட்டால் மரக்காணம் கரையில் இரண்டு வேலைகள் சூடுபிடிக்கும். ஒன்று உப்பு, இன்னொன்று கிரிக்கெட். இரண்டுக்கும் வெயில்தான் முதல். விடியற்காலையில் பாத்தியில் இறங்கி உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பும் இளைஞர்கள், மாலை ஆனதும் மட்டையோடு திடலுக்கு வந்துவிடுவார்கள். கூனிமேட்டில் தொடங்கி கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக, எந்த ஊரிலும் இதுதான் கோடைக்காலக் காட்சி.

பரீட்சை முடிந்து கல்லூரிப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தால் பேச்சு கிளம்பிவிடும்: “ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச் வைக்கலாமா?” பேர்தான் ஃப்ரெண்ட்லி. போன வருஷம் கடைசி ஓவரில் தோற்ற கணக்கு எல்லோர் மனசிலும் இருக்கும். எதிரணியும் புதிதல்ல. ஊர், காலனி, குப்பம், பள்ளிவாசல் தெரு என்று அண்ணன்மார் காலத்திலிருந்தே மோதி வரும் அணிகள்தான். ரப்பர் பந்து, வைடா இல்லையா என்று ஒரு சண்டை, பிறகு சமாதானம், அடுத்த ஓவர்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரை எல்லோரும் கேட்பார்கள். நாம் வேறு மூன்று கேள்விகள் கேட்க விரும்புகிறோம். காலனிப் பையன் பந்து மட்டும் வீசினானா, மட்டையும் பிடித்தானா? இடைவேளையில் எல்லோரும் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்தார்களா? கேப்டன் யார்?

சின்னக் கேள்விகளாகத் தெரியலாம். இதே மூன்று கேள்விகளோடு ஒரு மனிதர் முப்பது ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அவர் பெயர் பல்வங்கர் பாலு.

மட்டை யாருக்கு?

தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சாதியில் 1870-களில் பிறந்தவர் பாலு. தந்தைக்கு ராணுவத்தில் வேலை. புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஐரோப்பியர்களின் புனே கிளப்புக்குப் போனார். ரோலர் இழுப்பது, வலை கட்டுவது, கோடு போடுவது என எல்லாம் அவர் பொறுப்பு. துரைமார்கள் பயிற்சி செய்யப் பந்தும் வீசினார். இடது கைச் சுழற்பந்து. அன்றைய பெரிய மட்டையாளரான ஜே.ஜி. கிரெய்க்குக்கு மணிக்கணக்கில் வீசி வீசியே அவர் தேர்ந்த பந்துவீச்சாளர் ஆனார்.

அந்தக் கிளப்பில் அவருக்கு மட்டை பிடிக்க ஒருநாளும் வாய்ப்பு தரவில்லை. வியர்வை சிந்தி வீசுவது வேலைக்காரன் பாடு, நின்று அடிப்பது பெரிய மனிதர் உரிமை.

மண் குவளை

அதே ஊரில் இந்துக்களின் கிளப்பும் ஒன்று இருந்தது. ஐரோப்பியர்கள்தான் அவர்களுக்குப் பழைய எதிரணி. அவர்களை ஜெயிக்க பாலு வேண்டும். ஆனால் அவர் தீண்டத்தகாதவர் ஆயிற்றே! உறுப்பினர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஜெயிக்கும் ஆசை வென்றது. பாலுவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மைதானத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்கள் உள்ளே போய்ப் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, தூக்கி எறியக்கூடிய மண் குவளையில். சாப்பாடும் தனித் தட்டில், தனி இடத்தில். முகம் கழுவத் தண்ணீர் ஊற்றவும் இன்னொரு தீண்டத்தகாத வேலையாள்தான் வர வேண்டும். நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளை கிரிக்கெட் மைதானத்திலும் இருந்திருக்கிறது.

பின்னர் பாலு பம்பாய்க்குப் போனார். 1906-ல் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. இரண்டாவது இன்னிங்ஸில் பாலுவுக்கு ஐந்து விக்கெட். தம்பி சிவராமும் அந்த அணியில் ஆடினார். 1911-ல் இந்திய அணி இங்கிலாந்து போனது. பெரும்பாலான ஆட்டங்களில் அணி தோற்றது, ஆனால் பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்துத் திரும்பினார்.

கேப்டன் யார்?

இவ்வளவு செய்தும் பாலுவை அணித் தலைவர் ஆக்கவில்லை. 1920-ல் அவரை அணியிலிருந்தே முதலில் நீக்கினார்கள். தலைமைப் பொறுப்புக்கு அனுபவமுள்ள தம்பிகளையும் விட்டுவிட்டு வேறொருவரைத் தேர்ந்தார்கள். சிவராமும் விட்டலும் “சாதிதான் காரணம் என்றால் நாங்களும் ஆடமாட்டோம்” என்று விலகி நின்றார்கள். எதிர்ப்பு வலுத்தது. இறுதி ஆட்டத்துக்கு பாலுவைத் திரும்ப அழைத்துத் துணைத்தலைவர் ஆக்க வேண்டியதாயிற்று. 1923-ல் தம்பி விட்டல் கேப்டன் ஆனார். அண்ணன் முதன்முதலில் துரைமார்களுக்குப் பந்து வீசி அதற்குள் சுமார் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

பாலு பின்னாளில் அரசியலுக்கு வந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்தே நின்று தோற்றார். அவரது அரசியல் நமக்கு உடன்பாடில்லாமல் இருக்கலாம். மைதானத்தில் அவரும் தம்பிகளும் பட்டதும் வென்றதும் நம் வரலாறு.

பழைய கதை அல்ல

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜூன் மாதம் குஜராத்தின் பாட்டன் மாவட்டத்தில் காகோஷி கிராமத்தில் கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. ஓரமாக வந்த பந்தை ஒரு தலித் சிறுவன் எடுத்தான். அதைத் தொட்டதற்காக மிரட்டல், தட்டிக்கேட்டதற்காகத் தாக்குதல். சிறுவனின் உறவினர் ஒருவரின் கட்டைவிரலை வெட்டினார்கள்.

2024-ல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தை இந்தப் பக்கத்து இளைஞர்கள் கொண்டாடினார்கள். நன்றாக ஆடத் தெரிந்தும் சாதியால் அணியில் இடம் மறுக்கப்படும் ஒருவனின் கதை அது. நம் திடலையே திரையில் பார்த்ததுபோல் இருந்ததால்தானே கை தட்டினோம்?

நம் கரையும் காயம் பட்ட கரைதான். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிந்ததை யாரும் மறக்கவில்லை. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள்தான் இன்று இந்தத் திடல்களில் ஆடுகிறார்கள். ஊர்ப் பையனும் காலனிப் பையனும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம் நம் கிராமங்களில் அதிகம் இல்லை. அந்த ஒன்றிரண்டு இடங்களில் கிரிக்கெட் திடலும் ஒன்று. அதைக் காப்பாற்ற வேண்டும்.

மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. 15-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கிணறு, குளம், சாலை, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்கள் எதிலும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. பஞ்சாயத்துப் பணத்தில் சீர்செய்த விளையாட்டுத் திடலில் இறங்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இந்தக் கோடையில் பழைய எதிரணியோடு மேட்ச் வைக்கும் தம்பிகளிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒருமுறை ஊர்த் திடலில் ஆடினால் மறுமுறை காலனித் திடலில் ஆடுங்கள். காலனியில் ஆட்டம் நடக்கும் அன்று தண்ணீரும் மோரும் காலனி வீடுகளிலிருந்து வரட்டும், இரண்டு அணியும் ஒரே டம்ளரில் குடியுங்கள். பதினொரு பேரைச் சாதி பார்த்துப் பிரிக்காமல் இரண்டு பக்கமும் கலந்து ஒரு ஆட்டமாவது ஆடிப் பாருங்கள். கேப்டனைத் திறமை பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

யார் ஜெயித்தாலும் சரி. ஸ்கோர் சீட்டை எங்களுக்கும் காட்டுங்கள், மோர் குடிக்க நாங்களும் வருகிறோம்.