மிதக்கும் நிலா விளக்கு: வாங்கலாமா? வாங்கினால் எங்கே வைக்கலாம்?

கிரகப்பிரவேசத்துக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்ற குழப்பம் எல்லார் வீட்டிலும் உண்டு. சுவர்க் கடிகாரம் எப்படியும் நான்கு வந்துவிடும். அதனால் அக்கா வீட்டு விசேஷத்துக்கு ஆன்லைனில் தேடி நான் வாங்கியது ஒரு மிதக்கும் நிலா விளக்கு. மரப்பெட்டி போல ஓர் அடிப்பாகம். அதற்கு மேலே, எதையும் தொடாமல், அந்தரத்தில் நின்றபடி மெதுவாகச் சுற்றும் குட்டி நிலா. வந்தவர்கள் எல்லாரும் முதலில் செய்த காரியம், நிலாவுக்கும் பெட்டிக்கும் நடுவே விரலை விட்டுத் துழாவிப் பார்த்ததுதான். "நூல் கட்டியிருக்கா?" என்று ஒரு சித்தப்பா மேலேயும் துழாவினார்.

அக்கா மட்டும் வேறு கேள்வி கேட்டாள். "ஏன்டா, இதுக்குள்ள காந்தம்தானே இருக்கு? எங்க மாமாவுக்கு பேஸ்மேக்கர் வெச்சிருக்கே, ஒண்ணும் ஆகாதா?"

அவளுடைய மாமனாரைத்தான் சொல்கிறாள். பணம் கட்டுவதற்கு முன்பு நான் யோசித்திருக்க வேண்டிய கேள்வி அது. விற்பனைப் பக்கத்தில் நிலா எத்தனை நிறத்தில் ஒளிரும் என்று விலாவாரியாகப் போட்டிருந்தார்கள். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிறகு உட்கார்ந்து படித்தும் விசாரித்தும், சொந்தமாகச் சோதித்துப் பார்த்தும் தெரிந்துகொண்டவை இவை.

எப்படி மிதக்கிறது?

இரண்டு காந்தங்களின் ஒரே துருவங்களை நேருக்கு நேர் வைத்தால் ஒன்றையொன்று தள்ளும் என்று பள்ளியில் படித்திருப்போம். 'அப்படியானால் ஒரு காந்தத்தின் மேல் இன்னொன்றை வைத்தால் மிதக்க வேண்டியதுதானே?' என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நடக்காது. மேலே இருக்கும் காந்தம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், அல்லது சட்டென்று தலைகீழாகப் புரண்டு கீழே உள்ளதோடு ஒட்டிக்கொள்ளும். அசையாத நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றை மட்டும் வைத்து ஒரு காந்தத்தை அந்தரத்தில் நிலையாக நிறுத்த முடியாது. 1842-ல் சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயர் சொன்ன தேற்றத்தின் சாரம் இது.

இதைத் தாண்ட இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று பம்பரம். சுழன்றுகொண்டே இருக்கும் காந்தப் பம்பரம் தலைகீழாகப் புரளாது. அமெரிக்காவில் ராய் ஹாரிகன் என்பவர் 1983-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், வேகம் குறைந்ததும் பம்பரம் விழுந்துவிடும்.

இன்னொன்றுதான் நம் விளக்கில் இருப்பது. உள்ளங்கையில் விளக்குமாற்றைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருக்கிறீர்களா? அது சாயும் பக்கம் கையை நகர்த்திக்கொண்டே இருப்போம். கண் பார்க்கிறது, கை திருத்துகிறது. அடிப்பெட்டியிலும் அதேதான் நடக்கிறது. வளையமாக அமைந்த நிலைக்காந்தம், நிலாவின் அடியில் உள்ள காந்தத்தை மேலே தள்ளிப் பிடிக்கிறது. நிலா எந்தப் பக்கம் நழுவுகிறது என்பதை நடுவில் உள்ள 'ஹால் சென்சார்' கவனிக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் கம்பிச்சுருள்களில் அதற்கேற்ப மின்சாரம் பாய்ந்து, நிலாவை நடுவுக்குத் தள்ளுகிறது. ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை இந்தத் திருத்தம் நடக்கிறது. நம் கண்ணுக்கு நிலா சும்மா நிற்பதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆக, நிலாவின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் நிலைக்காந்தம். மின்சாரத்தின் வேலை அது நழுவாமல் பார்த்துக்கொள்வது. இதைப் புரிந்துகொண்டால், இந்த விளக்கின் நல்லது கெட்டது எல்லாமே புரிந்துவிடும்.

ஒயரே இல்லையே, எப்படி எரிகிறது?

செல்போனை வயர்லெஸ் சார்ஜரில் வைக்கிறோமே, அதே முறைதான். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். அடிப்பெட்டியில் ஒரு கம்பிச்சுருள், நிலாவின் அடியில் இன்னொன்று. கீழே உள்ளதில் மாறுமின்னோட்டம் ஓடும்போது மேலே உள்ளதில் மின்சாரம் தோன்றி, எல்.இ.டி. எரிகிறது. மிதக்கும் பல்பை 2015-ல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த 'ஃப்ளைட்' நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி திரட்டிப் பிரபலப்படுத்தியது. இன்று நிலா, பூமி உருண்டை, பூச்சட்டி என்று பல வடிவங்களில் கிடைக்கிறது.

இடைவெளி கூடக்கூட மேலே போய்ச்சேரும் மின்சாரம் குறையும். அதனால் உள்ளே இருப்பது பொதுவாகச் சில வாட் எல்.இ.டி.தான். வீட்டில் சாதாரணமாக மாட்டும் 9 வாட் பல்பு 800, 900 லூமென் தரும்; இது அதற்குப் பக்கத்தில்கூட வராது. படிக்கவோ தைக்கவோ உதவாது. ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போக, டி.வி. பார்க்கும்போது மூலையில் மெல்லிய வெளிச்சம் இருக்க, அவ்வளவுக்குத்தான் லாயக்கு. 'விளக்கு' என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம். ஷோகேஸ் பொருள் என்று நினைத்து வாங்கினால் சந்தோஷம்.

கரன்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். மொத்தமாக 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு பகல் அணைக்காமல் வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம்தான். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும். வெளிச்சத்தை அணைத்தாலும் மிதக்க வைக்கும் வேலை நிற்காது. அதனால் மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

பேஸ்மேக்கர் இருக்கும் வீட்டில்

அக்காவின் கேள்விக்கு வருவோம். வலுவான காந்தம் நெஞ்சருகே வந்தால், பேஸ்மேக்கர் பொதுவாக 'காந்த நிலை' என்ற ஒன்றுக்கு மாறும். அப்போது இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல், முன்பே குறித்துவைத்த ஒரே வேகத்தில் அது துடிப்புத் தரத் தொடங்கும். ஆபத்தான துடிப்பு வந்தால் அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் ஐ.சி.டி. கருவி என்றால், காந்தம் அருகில் இருக்கும்வரை அந்த அதிர்ச்சி சிகிச்சை நின்றுபோகலாம். காந்தத்தை விலக்கினால் வழக்கமாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வலுவான காந்தம் உள்ள செல்போன், ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றை இப்படிப்பட்ட கருவிகளிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அந்த செல்போனில் இருப்பது சின்னக் காந்தம். ஒரு நிலாவையே தூக்கிப் பிடிக்கும் காந்தத்துக்கு இன்னும் கூடுதலாகவே இடைவெளி விடுவது நல்லது.

கூடத்தின் மூலையில் இருக்கும் விளக்கை சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதில் பிரச்சினை இல்லை. சிக்கல், அதைக் கையில் எடுக்கும்போது. நிலாவை மிதக்கவிட, இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, நெஞ்சுக்கு நேராக வைத்து மெல்ல இறக்க வேண்டும். பேஸ்மேக்கர் இருப்பவர் எதைச் செய்யக்கூடாதோ, சரியாக அதையேதான் இந்த விளக்கு செய்யச் சொல்கிறது! விழுந்த நிலாவை நெஞ்சோடு அணைத்து எடுத்து வருவதும் அதே கதைதான்.

மாமாவின் இதய மருத்துவரும் "தள்ளி இருந்து பார்க்கட்டும், கையில எடுக்க வேண்டாம்" என்றார். ஆனால், அந்த வீட்டில் எது விழுந்தாலும் முதல் ஆளாக ஓடிப்போய் எடுத்து வைப்பவர் மாமாதான். அவரிடம் போய் "எடுக்காதீங்க" என்று எத்தனை நாள் சொல்வது? விளக்கு என் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அக்காவுக்கு ஒரு செம்புப் பானை போனது. உங்கள் வீட்டில் இப்படிக் கருவி பொருத்தியவர் இருந்தால், வாங்குவதற்கு முன்பே அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டிலும் எட்டாத உயரம் அவசியம். உள்ளே இருப்பது பெரும்பாலும் நியோடிமியம் காந்தம். நிலாவைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்தால் 'டப்'பென்று இழுத்து ஒட்டும். நடுவில் விரல் மாட்டினால் நசுங்கும். ஓடு உடைந்து காந்தத் துண்டுகள் வெளியே வந்துவிட்டால், அன்றோடு அதை ஓரங்கட்டிவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளைக் குழந்தை விழுங்கினால், அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கரன்ட் போனால்?

நிலா விழும். வேறு பதில் இல்லை. திருத்தும் கை நின்றுவிட்டால் விளக்குமாறு சாய்வதுபோல, அடுத்த கணமே அது ஒரு பக்கம் நழுவி அடிப்பெட்டியில் மோதும். இடைவெளி ஓரிரு சென்டிமீட்டர்தான் என்பதால் மோதியதும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அல்லது உருண்டு மேஜையிலிருந்து தரைக்குப் போகும். கரன்ட் திரும்ப வந்தாலும் தானாக எழும்பாது. நீங்கள்தான் மறுபடி தூக்கி நிறுத்த வேண்டும்.

"எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே" என்பீர்கள். கரன்ட் போய் இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள் ஒரு கண நேர இடைவெளி விழும். மின்விசிறிக்கு அது தெரியாது. நிலாவுக்குத் தெரிந்துவிடலாம். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் 'யு.பி.எஸ். மோடு' என்று ஒரு சுவிட்ச் இருக்கும்; அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். கம்ப்யூட்டர் அணையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது, நிலாவுக்கும் உதவுகிறது. இதுவும் இல்லை, அடிக்கடி கரன்ட் போகும் ஊர் என்றால், வெளியே கிளம்பும்போதும் தூங்கப் போகும்போதும் நிலாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சுவிட்சை அணைப்பதே புத்திசாலித்தனம். வரிசை முக்கியம்: முதலில் நிலாவை எடுக்க வேண்டும், பிறகு சுவிட்ச். மாட்டும்போது முதலில் சுவிட்ச், பிறகு நிலா.

மிதக்கவிடுவதற்கும் பொறுமை வேண்டும். நேர் மேலிருந்து இறக்குங்கள். ஓர் உயரத்தில் கீழிருந்து யாரோ தள்ளுவதுபோல் இருக்கும். அங்கிருந்து மில்லிமீட்டர் கணக்கில் அசைத்தால், கையில் எடையே இல்லாததுபோல் ஒரு புள்ளி தட்டுப்படும். அங்கே விரல்களை மெல்ல விலக்க வேண்டும். எனக்கு முதல் நாள் இருபது நிமிஷம் ஆனது. பத்தாவது படிக்கும் பையன் இரண்டாவது முயற்சியில் நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

எங்கே வைப்பது?

ஆடாத, சமமான மர மேஜை. இரும்பு பீரோ, ஸ்டீல் ரேக் மேல் வைத்தால் இரும்பு காந்தப்புலத்தைக் குலைத்துவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். லேசான காற்று நிலாவைச் சுற்றவைக்கும், அது அழகு. வேகக் காற்று தள்ளிவிடும். வெயில் படும் ஜன்னலோரமும் கூடாது. முப்பரிமாண அச்சில் செய்யப்படும் நிலாக்கள் பல பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை, அது 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளக ஆரம்பிக்கும். அதே காரணத்தால் பூஜையறையில் எண்ணெய் விளக்குப் பக்கத்திலும் வேண்டாம். காந்தப் பட்டை உள்ள ஏ.டி.எம். கார்டு, முள் கைக்கடிகாரம், ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை அதன் அருகில் போட்டுவைக்காதீர்கள். படுக்கையறை என்றால் ஒரு ராத்திரி சோதித்துப் பாருங்கள். சிலவற்றில் கம்பிச்சுருள் மெலிதாக 'ம்ம்ம்' என்று முனகும். பகலில் கேட்காது, நடுராத்திரியில் நன்றாகக் கேட்கும்.

வாங்கும்போது

விளம்பரப் படத்தில் நிலா அரையடி உயரத்தில் நிற்கும். அதை நம்பாமல், விவரப் பட்டியலில் மிதக்கும் உயரம் மில்லிமீட்டரில் எவ்வளவு என்று பாருங்கள். எண் போடாத பொருளை நான் வாங்க மாட்டேன். 'ஃப்ளோட்டிங்' என்ற பெயரில் சுவரில் மாட்டுவதும் கம்பியில் தொங்குவதும்கூட விற்பனைக்கு வருகின்றன. படத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் அதுவே வந்து நிற்கும்.

அடுத்து அடாப்டர். 230 வோல்ட்டைத் தொடுவது அது ஒன்றுதான் என்பதால் அதில்தான் கறாராக இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். இறக்குமதிப் பொருள் என்றால் எந்த நாட்டில் தயாரானது, இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன என்பதும் பெட்டியில் இருக்க வேண்டும். உள்ளே உள்ள எல்.இ.டி.யைப் பல மாடல்களில் மாற்ற முடியாது, அதனால் உத்தரவாதம் எத்தனை மாதம் என்பது முக்கியம். பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பெட்டி வந்த அன்றைக்கே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை செய்யுங்கள். அடிப்பெட்டியைச் சுற்றித் தலையணைகளை வைத்து, நிலாவை மிதக்கவிட்டு, சுவிட்சை அணையுங்கள். எந்தப் பக்கம் விழுகிறது, ஒட்டிக்கொள்கிறதா, உருள்கிறதா என்று நாலைந்து முறை பாருங்கள். என்னுடையது பெரும்பாலும் இடது பக்கம் உருள்கிறது. அதனால் ஷெல்ஃபில் அந்தப் பக்கம் ஒரு பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் நிலாவைப் பார்த்துவிட்டு, இது எதுக்கு இங்கே என்று துண்டைத்தான் கேட்கிறார்கள்.